காலையில் மட்டும் ஒழுகிய வண்டி

போன மார்கழியில் எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். சிமென்ட் தரையில் பச்சை நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம். கஸ்டமர் வீட்டில் காலையில் ஒழுகுகிறது, நம் ஷெட்டுக்கு வந்தால் ஒரு சொட்டும் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ரேடியேட்டரை மாற்று என்றார் ஒருவர். கஸ்டமரை மாற்று என்றார் இன்னொருவர். வண்டியை நன்றாக ஆறவிட்டுப் பாருங்கள், கழுவாமல் பாருங்கள் என்று மட்டும் நான் போட்டேன்.

மறுநாள் அவரே போன் செய்து, கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். பாம்பனில் என்றேன். வீட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாயல்குடிக்குப் பக்கம். அய்யா மிளகாய் போட்டார், மழை பெய்த வருஷம் கொஞ்சம் காசு பார்த்தார், பெய்யாத வருஷம் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார். நான் பரமக்குடியில் ஐ.டி.ஐ. முடித்து, மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, அடி வாங்கி, பிறகு ராமநாதபுரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அதுவரை எங்களுக்குத் தெரிந்த வண்டிகள் எல்லாம் காற்றிலேயே ஆறிக்கொள்கிறவை. பிறகு ரேடியேட்டர் வைத்த வண்டிகள் வந்தன. அவற்றில் இன்ஜினைச் சுற்றி ஒரு திரவம் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்டு ரப்பர் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், ஆறி, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். அதுதான் கூலன்ட். பச்சையாக இருக்கும், இனிப்பாக வாசம் அடிக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம். பழைய மெக்கானிக்குகளுக்கு எதையும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. எங்கள் சர்வீஸ் மேனேஜர் இருளப்பன் சார் முதல் வேலையாக அதை நிறுத்தினார். நாக்கைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு மூக்கும் விரலும் போதும் என்றார்.

இருளப்பன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டியிருப்பார். அந்தக் கையோடு இன்ஜினுக்குள் வேலை பார்ப்பார், சட்டையில் கறை இருக்காது. யாரையும் திட்டமாட்டார். நாங்கள் தப்பாக எதையாவது கழற்றிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். நாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். இதற்கு நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இரண்டு விஷயங்களில் அவர் பிடிவாதக்காரர். கஸ்டமர் ஒரு குறை சொல்லி, எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால், குறை இல்லை என்று சொல்ல விடமாட்டார். நாங்கள் பார்த்த நேரத்தில் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை வண்டிக்காரரின் கையில் கொடுத்து, அது ஏன் கெட்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் பார்ட் மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, கடைக்காரன் என்பார்.

அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்த முதல் ஆள் எங்கள் பக்கத்து உப்பளக்காரர் ஒருவர். புது வண்டி, ஒரே கோடையில் ரேடியேட்டர் அடைத்துப்போனது. கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீரை ஊற்றியிருக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "குடிக்கவே கொடத்தத் தூக்கிட்டு அலையிறோம், இதுல வண்டிக்கு வேற நல்ல தண்ணியா" என்று என்னிடம் பாய்ந்தார். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் செய்வார்கள், என் அய்யாவும் செய்திருப்பார். சார் ரேடியேட்டரை அறுத்து உள்ளே வெள்ளையாகப் பாறை பிடித்திருப்பதைக் காட்டி, உங்கள் தண்ணீர்தான் காரணம் என்றார். உப்பளக்காரர் கம்பெனியைத் திட்டினார், ஷோரூமைத் திட்டினார், என்னையும் சேர்த்துத் திட்டினார். சார் அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடி சொன்னார். கடைசியில் அவர் அறுத்த ரேடியேட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகவில்லை.

வாட்டர் வாஷ் விஷயத்திலும் சார் ஒரு விதி போட்டார். சர்வீஸுக்கு வரும் வண்டியை முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகுதான் மேடையில் ஏற்றுவோம். சார் ஒரு நாள் போய் பம்ப்பை நிறுத்தினார். கூலன்ட் ஒழுகி இருந்தால் ஒழுகிய இடத்தில் பொருக்குத் தட்டியிருக்கும், வழிந்த தடம் இருக்கும். கழுவிவிட்டால் தடத்தையும் கழுவிவிட்டோம். கூலன்ட் புகாரோடு வரும் வண்டியில் பார்த்து முடிக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்றார். வேலை குறைகிறதென்றால் வாஷ் பண்ணும் பையன்களுக்குக் கசக்குமா என்ன?

இதெல்லாம் பழகிவிட்ட காலத்தில்தான், ஒரு கார்த்திகைக் கடைசியில், சீனி முகம்மது பாய் வந்தார். பாம்பன்காரர். வள்ளத்தில் கடலுக்குப் போய் வந்தவர், முழங்கால் விட்டுப்போனதால் வள்ளத்தைக் கொடுத்துவிட்டார். வண்டியோ இருபது வயதுப் பையன் ஓட்டுகிற வண்டி. தொப்பி போட்டுக்கொண்டு, முழங்காலை அகலமாக வைத்து, மாட்டுவண்டி வேகத்தில் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம்வரை அதை ஓட்டி வந்திருந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

விடியற்காலையில் வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர் கிடக்கிறது, ஸ்டார்ட் செய்தால் சொட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்றார். நாங்கள் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி வந்தார். அப்போதும் இல்லை. இத்தனைக்கும் அந்த வண்டியைப் போல் சுத்தமான வண்டியை நான் பார்த்ததில்லை. பாம்பன் காற்றில் சைக்கிள் பெல்கூட ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். இதில் ஒரு புள்ளித் துரு கிடையாது. லேசாக மீன் வாடை அடித்தது, கடற்கரை ஊர் வண்டி அப்படித்தான் அடிக்கும் என்று விட்டுவிட்டேன். நான் பார்த்த நேரத்தில் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது, வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய வண்டியாக இருக்கும் என்று நானாக நினைத்து, பேச்சுக்கு, அவர் எப்போது ஊருக்கு வருகிறார் என்று கேட்டேன்.

"வர மாட்டான் தம்பி. அங்கனயே அடக்கிட்டாக," என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மகன் பெயர் அஸார். சவுதியில் வேலை. கடைசி லீவில் வந்தபோது ஆசையாக இந்த வண்டியை வாங்கி, லீவு முடியும்வரை ஓட்டிவிட்டுப் போனான். பேட்டரி இறங்கிவிடும், தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து வையுங்கள் வாப்பா என்று சொல்லியிருக்கிறான். அதற்காகவே இவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். மகன் ஒரு நாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அடக்கம் செய்ததைப் போனில்தான் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வாப்பாவைப் போனில் மட்டும் பார்த்த குழந்தை.

நான் கையில் இருந்த ஸ்பானரை என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் எனக்கு வந்த சிரிப்பை நினைத்து வெட்கமாக இருந்தது. இருளப்பன் சார் அருகில் வந்து நின்றிருந்தார். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று அவர் கேட்டார்.

வீட்டுக்குள் என்றார் பாய். வெளியே நிறுத்தினால் உப்புக் காற்று தின்றுவிடும், அதனால் முன்னறையில் நிறுத்தியிருக்கிறார். இப்போது பேத்தி தவழ ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் அந்தப் பச்சைத் தண்ணீரில் கையை வைத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள், பாட்டி பார்த்துத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து வண்டி வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்கிறார் மனைவி. மகள் வீட்டு மாப்பிள்ளை மண்டபத்தில் ஓர் ஆளைப் பிடித்து விலையும் பேசிவிட்டார்.

"அவ சொல்றது தப்பில்ல சார். பிள்ளை முக்கியம். ஒழுகலைன்னா வண்டி வீட்டுல இருக்கும். ஒழுகுனா போயிரும். அம்புட்டுதான்."

சார் ஓர் இரவு வண்டியை ஷோரூமில் விடச் சொன்னார். ராத்திரி முழுக்க ஆறினால்தான் ஒழுகுகிற இடம் தெரியும். பாய் சம்மதிக்கவில்லை. மகன் போனதிலிருந்து அது ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை என்றார். கஸ்டமர் வீட்டுக்குப் போகிற வழக்கம் சாருக்குக் கிடையாது. எவ்வளவு பெரிய மனிதர்கள் கூப்பிட்டும் போனதில்லை.

"நாளைக்குக் காலையில நாங்க வாரோம் பாய். நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிராதீக," என்றார்.

ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதற்குத்தான் பாய் யோசித்தார். பிறகு சரி என்றார்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். நான் ஓட்ட, சார் பின்னால் பிரஷர் பம்ப்பும் புது ஹோஸ்களும் கிளிப்புகளும் கூலன்ட்டும் இருந்த பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாலத்தில் வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. வெளியூர்க்காரர்கள் ராமநாதபுரத்தில் குளிர் என்றால் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் அந்தப் பாலத்தின்மேல் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். சாரின் முழுக்கைச் சட்டைக்கு ஒரு பிரயோஜனம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாய் விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டு வாசலில் காத்திருந்தார். புருஷனை இழந்த மருமகள் இத்தாவில், துக்கக் காலத்தில், இருந்ததால் வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. முன்னறைக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் பாயின் மனைவி நிற்பது காலடியில் தெரிந்தது. முன்னறை நடுவில், பல்புக்கு நேர்கீழே, வண்டி நின்றது. அடியில் ஒரு தாம்பாளம் வைத்திருந்தார்கள். அதில் பச்சையாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது.

சார் புறங்கையை ரேடியேட்டரில் வைத்துப் பார்த்தார். பானை போலச் சில்லென்று இருந்தது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும், இப்போது பயமில்லை. மூடியைத் திறந்து, அந்த வாயில் பம்ப்பை மாட்டி, மெதுவாக அழுத்தம் ஏற்றினார். மூடியின் மேல் போட்டிருக்கும் அளவு வந்ததும் நிறுத்தினார். அதற்கு மேல் ஏற்றினால் ஒழுகாத இடத்தையும் நாமே ஒழுகவைத்துவிடுவோம். நான் வெள்ளைத்தாளைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றினேன். பிறகு பம்ப்பில் இருக்கும் அளவு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மிக மெதுவாக இறங்கியது.

தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மேல் ஹோஸில் சுற்றியது காய்ந்திருந்தது. வாட்டர் பம்ப்பின் அடித்துளையில் வைத்ததும் காய்ந்திருந்தது. கீழ் ஹோஸ் ரேடியேட்டரோடு சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், தாள் பச்சையாக நனைந்திருந்தது. சார் பாயைப் பார்த்து இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள் என்றார். பாய் பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் செய்தார். அந்த இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. இன்ஜின் சூடேறச் சூடேறச் சொட்டுகள் தள்ளித் தள்ளி விழுந்தன. பிறகு எங்கள் கண்ணெதிரேயே நின்றுபோனது. சூட்டில் ரப்பர் உப்பிக் கிளிப்போடு இறுகிக்கொள்கிறது, குளிரில் சுருங்கி வழிவிடுகிறது. பாம்பனிலிருந்து ராமநாதபுரம்வரை ஓட்டி வந்த வண்டியில் நாங்கள் எதைக் கண்டிருக்க முடியும்?

வண்டியை ஆறவிட்டு, கூலன்ட்டை வடித்து, கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவினேன். கையில் பிடித்ததுமே எனக்கு என்னவோ போல இருந்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத வண்டி. ஹோஸோ ஊறப்போட்ட அப்பளம் போல உப்பித் தொளதொளவென்று இருந்தது. விரலில் கறுப்பு ஒட்டியது. சார் வாங்கி மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"ஏலே முனியசாமி, மோந்து பாரு."

மீனெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஓர் ஆணியில் ஒரு துணி தொங்கியது. அதற்குக் கீழே ஒரு தகர டப்பா.

நான் பார்ப்பதைப் பாய் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அன்றுதான் ஒரு பெருமையைக் கண்டேன். மீனெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கினால் இண்டு இடுக்கெல்லாம் போகும் என்றார். வள்ளத்துக்குக் காலம் முழுக்க அதைத்தான் போட்டாராம். அதனால்தான் அவர் வள்ளத்துப் பலகை ஒன்றுகூட உளுத்துப்போகவில்லை. சாயங்காலம் ஆனால் உட்கார்ந்து வண்டி முழுக்கத் தடவிவிடுவார். இரும்பு, பிளாஸ்டிக், ரப்பர் என்று ஓர் இடம் விடமாட்டார். துரு ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம் என்று எங்களையே கேட்டார்.

மரம் எண்ணெய் குடித்தால் பிழைத்துக்கொள்ளும். ரப்பர் குடித்தால் செத்துப்போகும். எனக்குத் தெரிந்தது, சாருக்கும் தெரிந்தது. சார் இப்போது என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பழைய ஹோஸைப் பாயின் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து, நீங்கள்தான் காரணம் என்று சொல்வார். சொல்லாதீர்கள் சார், இந்த ஒரு ஆளிடம் வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

சார் ஹோஸைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரப்பர் நாள்பட்டுப்போச்சு பாய். வேற மாத்திருவோம்," என்றார்.

எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே கண் அந்தத் தகர டப்பாவுக்குப் போனது. புது ஹோஸுக்கும் இன்று சாயங்காலம் எண்ணெய் விழும். அடுத்த மார்கழியில் மறுபடி ஒழுகும். அப்போது அந்தக் குழந்தை நடக்கும், யாரும் பார்க்காத நேரத்தில் வந்து தொடும். சாருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் குனிந்த தலை நிமிராமல் புதுக் கிளிப்பை முடுக்கிக்கொண்டிருந்தார்.

புது ஹோஸ் மாட்டி, புதுக் கூலன்ட் ஊற்றி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, மறுபடி பம்ப் வைத்துப் பார்த்தோம். முள் அசையவில்லை. தாள்கள் காய்ந்திருந்தன. இனி ஒழுகாது என்று நான் சொன்னதும், சேலைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்றார். பாய் எழுந்து போய் ஆணியில் இருந்த துணியை எடுத்து, டப்பாவில் தோய்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். புது ஹோஸுக்கு நேராகத் துணியைக் கொண்டுபோனார்.

சார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல வேணாம் பாய்."

"ஏன் சார்? புதுசுக்குத்தான மொதல்ல போடணும்?"

சார் கையை விடாமல், இன்னொரு கையால் பையைத் திறந்து பழைய ஹோஸை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். வழக்கமாகச் சொல்வது போலவே சொன்னார். எண்ணெய் பலகைக்கு நல்லது, ரப்பருக்கு ஆகாது. ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பும், இளகும், பிடிமானம் போய்விடும். வெயிலில் தெரியாது, குளிரில் காட்டிக்கொடுத்துவிடும். உப்பளக்காரரிடம் சொன்ன அதே குரல்தான். ஆனால் இந்தத் தடவை சார் எதிரே இருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாய் ஹோஸை அழுத்திப் பார்த்தார். விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தார்.

"அப்ப நாந்தானா சார்?"

"ஆமா பாய்."

அதற்குப் பின்னால் ஓர் ஆறுதல் வார்த்தை சேர்த்திருக்கலாம். எத்தனையோ பேர் செய்கிறதுதான் என்றாவது சொல்லியிருக்கலாம். சார் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது. பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். துணி கையில் இருந்தது, எண்ணெய் சொட்டி அவர் கைலியில் விழுந்தது. உள்ளே குழந்தை எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. சேலைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா பேசினார். எங்களிடம் பேசுகிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

"அவன் மவுத்தானதுலேருந்து பொழுது சாஞ்சா இவுக கை சும்மா இருக்க மாட்டேங்குது. இதையும் வேணாம்னுட்டா, அந்தக் கைய எங்கன கொண்டுபோய் வப்பாக."

பாய் ஹோஸைக் கீழே வைத்தார். துணியை மறுபடி மடித்தார்.

"எங்கன தடவலாம் சார்? அதச் சொல்லுங்க. அங்கன மட்டும் தடவிக்கிறேன்."

இருளப்பன் சார் சட்டைப் பொத்தானைக் கழற்றி இரண்டு கைகளையும் முழங்கைவரை மடித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் முழங்கையை நான் பார்த்ததில்லை. தரையில் பாயின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்து, சைடு ஸ்டாண்டின் மேல் வைத்தார். இங்கே தடவலாம் என்றார். சென்டர் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். இங்கேயும் தடவலாம். கால் வைக்கும் கம்பி. பின்னால் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்திருக்கும் சாரி கார்டு. அதன் ஒவ்வொரு கம்பியிலும் கையைக் கொண்டுபோனார்.

"இங்கன?"

"தடவலாம் பாய்."

"இங்கன?"

"வேணாம். அது ரப்பர்."

"இங்கன?"

"தடவலாம். தினமும் தடவுங்க."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெயின்ட் அடித்த ஸ்டாண்டுக்கும், முலாம் பூசிய சாரி கார்டுக்கும் தினமும் எண்ணெய் போட எந்தக் கம்பெனியும் சொன்னதில்லை. அவற்றுக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத ஒரு வேலையை இருளப்பன் சார் ஒருவருக்குச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வரும்போது பாலத்தில் வெயில் ஏறியிருந்தது. சார் மடித்துவிட்ட சட்டைக் கையை ராமநாதபுரம் வரும்வரை இறக்கவில்லை.

வண்டியை விற்கவில்லை. வருஷம் தவறாமல் பாய் அதை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். ஹோஸ்கள் காய்ந்து சுத்தமாக இருக்கும். ஸ்டாண்டும் சாரி கார்டும் மட்டும் எண்ணெயில் மின்னும், அதில் மண் ஒட்டியிருக்கும், கிட்டே போனால் மீன் வாடை அடிக்கும். வாஷ் பண்ணுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சோப்பைத் தூக்குவார்கள். சார் வந்து பம்ப்பை நிறுத்துவார். அந்த வண்டியைக் கழுவாதீர்கள், அப்படியே விடுங்கள் என்பார். கூலன்ட் கேஸ் போலிருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சார் ஓய்வு பெற்ற பிறகு அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த வண்டி மறுபடி வந்தது. பாயின் மகள் வீட்டு மாப்பிள்ளை ஓட்டி வந்திருந்தார். இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில் குனிந்து கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பிறகு கை தானாகச் சாரி கார்டுக்குப் போனது. அது எண்ணெய் படாமல் காய்ந்து கிடந்தது. கம்பிகள் சேரும் மூலையில் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது.

பாயைப் பற்றி அவரிடம் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

வாஷ் பண்ணுகிறவர் ஹோஸ்பைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணே, இந்த வண்டிய எப்பவும் கழுவ வேணாம்பீகளே. இப்பவும் அப்படியே விட்ரவா?"

"இல்லப்பா," என்றேன். "இனிமே கழுவலாம்."